விஏ வரிசைப் பதிவு: பழைய ராணுவ ஜீப்புக்குப் பயன்படுமா?

மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த தொன்மை வாகனப் பதிவு விதிகளை (புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் VA என்ற எழுத்துகள் வருவதால் விஏ வரிசை), ராணுவத்தில் ஓடி ஓய்ந்த வண்டிகளைச் சேர்ப்பவரின் பக்கத்திலிருந்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

சாதாரணப் பழைய காருக்கு இது நல்ல ஏற்பாடு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் செலுத்தினால் பத்தாண்டுகள் செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டிலும் எனக்குக் குறை இல்லை. சேகரிப்பாளர் எவரும் வில்லிஸ் ஜீப்பில் அன்றாடம் அலுவலகம் போவதில்லை.

சிக்கல் வரையறையில்தான் இருக்கிறது. தொன்மை வாகனம் என்று ஏற்க வண்டிக்கு 50 ஆண்டுக்கு மேல் வயதாகியிருக்க வேண்டும்; அந்த வயது, வண்டி தயாரான நாளிலிருந்து அல்லாமல் முதல் பதிவு நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ராணுவ வண்டியோ பணியில் உள்ளவரை அம்புக்குறியிட்ட ராணுவ எண்ணில் ஓடி, கழிவு ஏலத்தில் தனியார் கைக்கு வந்த பிறகே ஆர்டிஓவில் பதிவாகிறது. ஆகவே, 1970களில் ஜபல்பூர் ராணுவ வாகன ஆலையில் உருவாகி 1990களில் ஏலம்போன ஒரு ஜோங்கா (ராணுவ ஜீப் வகை), விதியின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டால், 2040களில்தான் தொன்மை வாகனமாகும். நாட்டுக்கு உழைத்த ஆண்டுகள் கணக்கிலேயே வராதது விந்தைதான்.

அதே ஆலையில் தயாரான சக்திமான் லாரிக்கு அந்த வாய்ப்பும் இல்லை, ஏனெனில் இருசக்கர வாகனங்களும் பயணிகள் காரின் வகையில் வரும் நான்கு சக்கர வாகனங்களும் மட்டுமே விதிக்குள் அடங்குகின்றன. சேஸி, பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அசலைக் காக்கும் நோக்கம் சரியானதே என்றாலும், ஜோங்காவின் நான்கு லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்குத் தீனி போட முடியாமல் டீசல் எஞ்சினுக்கு மாறிய உரிமையாளர்கள் பலர் இதனால் வெளியே நிற்க நேரிடும்.

இப்படி விடுபடும் வண்டிகள், 15 ஆண்டு கடந்த அன்றாட வாகனங்களுக்கான பொது விதிகளுக்குள் விழுகின்றன. புகையைக் குறைக்கவும் பழையவற்றைக் கழிக்கத் தூண்டவும் 2022 ஏப்ரலில் அவற்றின் மறுபதிவுக் கட்டணம் காருக்கு 5,000 ரூபாயாகவும், இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஆண்டில் சில நாள் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் வண்டிக்கும் அதே அளவுகோல்.

50 ஆண்டுகளுக்கு முன்பே தனியார் பெயரில் பதிவாகி, அசல் எஞ்சினுடன் இருக்கும் ஜீப் வைத்திருப்போர் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். ராணுவ ஏல வண்டி வாங்க நினைப்போர், விலை பேசுவதற்கு முன் ஆர்சி புத்தகத்தில் முதல் பதிவு நாளையும் வாகன வகையையும் பார்த்துவிட்டு, ஏல விடுவிப்புச் சீட்டின் அசலையும் கேட்டு வாங்குங்கள்.