கடைசி ரெண்டு செகண்டை முழுங்குற மீடியா பிளேயர் பெட்டி: ஒரு வருசத்துக்கு மேல கடையில ஓட்டின அனுபவம்

கானாடுகாத்தான்ல பழைய வீடு ஒண்ணை தங்குற விடுதியா மாத்திக்கிட்டு இருக்க தம்பி ஒருத்தன் போன் பண்ணி, "உங்க கடை டிவிக்குப் பின்னாடி மாட்டியிருக்கீங்களே அந்தப் பெட்டி, இப்ப வெல கொறஞ்சிருக்காம், வாங்கலாமாண்ணே"ன்னு கேட்டான். போன்ல சொல்லி முடியல, அதான் எழுதியே குடுத்துடுறேன்.

கம்பெனி பேரு வேண்டாம். பென்டிரைவ் சொருகினா வீடியோவ திரும்பத் திரும்ப ஓட்டுற சின்னப் பெட்டி, தெரிஞ்சதுதான். நல்லதை மொதல்ல சொல்லிடுறேன். காரைக்குடி அக்னி நட்சத்திர வெயில்ல ஏசி இல்லாத கடையில காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடுது, ஒரு நாளும் சூடாகி நின்னதில்ல. கரண்ட் போய் வந்தா ரிமோட்டத் தொடவே வேண்டாம், தானா எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சிடும். கலரும் நல்லா இருக்கு.

ஆனா லூப்ல கடைசிய வெட்டிடுது. அதுவும் எந்த எடத்துல தெரியுமா? எங்க கடை ஆத்தங்குடி கல்லு, அதான் தரையில பதிக்கிற பூ டைல்ஸ், விக்கிற கடை. கண்ணாடி மேல அச்சு வச்சு, கலர் ஊத்தி, அச்ச எடுத்துட்டு, மேல சிமெண்ட்டும் மணலும் போட்டு மட்டம் பண்றது எல்லாம் வீடியோவுல வரும். சூளையே கிடையாது, பாலிஷ் மெஷினும் கிடையாது, அந்தப் பளபளப்பு முழுக்க கண்ணாடியில ஒட்டியிருந்த மொகத்துக்கு வர்றது. காஞ்சப்புறம் கண்ணாடிய உருவுறப்பதான் பூ தெரியும், மொத்த வீடியோவும் அந்த ரெண்டு செகண்டுக்காகத்தான். கை கண்ணாடி மேல போகும், டக்குனு மறுபடி மொதல்ல இருந்து மணல் சலிக்கிறாங்க. வர்றவங்க "அப்புறம் என்னாச்சு"ன்னு கேக்குறாங்க. அந்தக் கல்ல கையால செஞ்சவரு பக்கத்துலயே நிக்கிறாரு, வயித்தெரிச்சலா இருக்காதா?

சர்வீஸ்ல கேட்டா "ஃபைல் சரியில்ல சார்"னு ஒரே பதில். கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர்ல போட்டா கடைசி வரைக்கும் ஓடுது. அங்கயும் அதே எடத்துல நின்னா ஃபைல் அரைகுறையா காப்பி ஆயிருக்குன்னு அர்த்தம், பென்டிரைவ சட்டுனு புடுங்கினா அப்படி ஆகும். இது அது இல்ல.

நோண்டிப் பாத்ததுல தெரிஞ்சது ரெண்டு விசயம். ஒரே ஃபைலுக்குள்ள படம் தனி டிராக், சத்தம் தனி டிராக், ரெண்டுக்கும் தனித்தனி நீளம். மீடியாஇன்ஃபோன்னு ஃபைல் விவரம் காட்டுற சாஃப்ட்வேர்ல தொறந்தா ரெண்டும் தெரியும். எடிட் பண்ண பையன் போட்ட நாதஸ்வர பிட்டு படத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருந்துச்சு, இந்தப் பெட்டி சத்தம் முடிஞ்சாலே எல்லாம் முடிஞ்சுதுன்னு எடுத்துக்குது. சத்தத்த எடுத்துட்டு ஓட்டினேன், பெரும்பாலும் சரியாச்சு, அப்பவும் கடைசி சில ஃபிரேம், அதாவது வீடியோவுல அடுத்தடுத்து வர்ற தனித்தனிப் படம், காணோம். அது ரெண்டாவது: ஹெச்.264ங்கற முறையில சுருக்கின வீடியோவுல ஃபிரேம் எல்லாம் காட்டுற வரிசையிலயே ஃபைல்ல இருக்காது, அதப் பிரிச்சுப் படமாக்குற டிகோடர் கொஞ்சத்த உள்ள புடிச்சு வச்சு அடுக்கித்தான் வெளிய விடும். ஃபைலப் படிச்சு முடிச்ச ஒடனே இந்தப் பெட்டி உள்ள நிக்கிறதக் காட்டாமலே தூக்கிப் போட்டுட்டு மொதலுக்குப் போயிடுதுன்னுதான் எனக்குப் படுது.

சரி பண்ண வழி: கடைசி ஃபிரேம மூணு செகண்ட் அப்படியே நிக்க வச்சு, சத்தத்தையும் சைலன்ஸா அது வரைக்கும் நீட்டிட்டேன். இப்ப வெட்டுறது அந்த நின்ன படத்தத்தான், பூ முழுசா தெரியுது. இன்னொண்ணு, போன்ல எடுத்த வீடியோவுல ஃபிரேம் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தன ஃபிரேம்ங்கறது, ஏறி எறங்கும், ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல போட்டு செகண்டுக்கு 25 ஃபிரேம் நிலையா இருக்கற மாதிரி மாத்திக்கிட்டா நல்லது. அதே வீடியோவ வரிசையா ஒட்டி ஒரு மணி நேர ஃபைலா ஆக்கினா வெட்டு மணிக்கு ஒரு தடவதான் வரும், ஆனா பென்டிரைவ் ஃபேட்32-ங்கற ஃபார்மேட்டுல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தணும், அத உங்க பெட்டி படிக்குதான்னும் பாக்கணும்.

இப்ப கடையில ஒரு குறையும் இல்லாம ஓடுது, இருந்தாலும் தம்பி, வாங்காத. லூப்புன்னு அட்டையில பெருசா போட்டு விக்கிறவன் கடைசி ஃபிரேமக் காட்டுறதுதான் மொத வேல, அத வாங்குனவன் ஒவ்வொரு வீடியோவுக்கும் உக்காந்து செய்யணும்னா வெல கொறஞ்சா மட்டும் போதுமா? வேற எது வாங்குறதா இருந்தாலும் ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் செகண்டுக்கு ஒரு நம்பர் வர்ற வீடியோ ஒண்ணு பண்ணி, சத்தத்த எட்டோட நிறுத்தி, பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போ. கடையிலயே லூப்ல போடச் சொல்லு. பத்து முழுசா நின்னுட்டு ஒண்ணு வந்தா மட்டும் காசக் குடு.