சொப்புச் சாமான் பட்டறையில் கடைந்த ஹாப்கிடோ தடி

அம்பாசமுத்திரத்துக் கடைசல் என்றாலே சொப்புச் சாமான்தான் நினைவுக்கு வரும். அங்குள்ள பட்டறை ஒன்று, கேட்டால் ஹாப்கிடோ என்ற கொரியத் தற்காப்புக் கலையின் பயிற்சிக்கான குறுந்தடியும் கடைந்து தருகிறது. கொரிய மொழியில் இதன் பெயர் தன்போங். ஒரு அடி நீளம், ஒரு அங்குலக் கனம் என்று சொன்னால் போதும், மாதிரிகூடக் கேட்பதில்லை. சப்பாத்திக் கட்டை கடைகிற கைக்கு இது என்ன பெரிய வேலை! விலையும் கிட்டத்தட்ட அந்தக் கட்டையின் விலைதான்.

வாங்கலாம். ஆனால் அரக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசல்காரருக்கு அந்த மினுமினுப்பில்தான் பெருமை. சொல்லாவிட்டால் சிவப்பும் பச்சையுமாக ஏற்றித் தந்துவிடுவார். பார்க்க அழகு. ஆனால் பாளையங்கோட்டை வெயிலில் பத்து நிமிடம் பயிற்சி செய்தால், வேர்த்த கையில் அது சோப்புக் கட்டி. தடியோடு தடி மோதும்போது அரக்கு சில்லுச் சில்லாகப் பெயரவும் செய்யும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் 120-ஆம் எண் உப்புத்தாளால் சுரண்டி, 220-ஆல் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசித் துடைத்து நன்றாகக் காயும்வரை விட்டுவைக்கலாம். தேங்காய் எண்ணெய் உதவாது, அது காயாது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

ஒரு அடி என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1790-இல் கொரிய அரசவை தொகுத்த போர்க்கலைக் கையேட்டின் 24 பிரிவுகளில் நீள்கழி உண்டு, இந்தக் குறுந்தடி இல்லை. இது ஹாப்கிடோவின் மணிக்கட்டுப் பூட்டுகளோடு, அதாவது எதிராளியின் மணிக்கட்டை அசையவிடாமல் மடக்கும் பிடிகளோடு, சேர்ந்த கருவி. அடிப்பது பாதி வேலை, நெம்புவது மீதி. எதிராளி தன் வலக்கையால் நம் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தடியின் நீண்ட முனையை வெளிப்பக்கமாக மேலே சுழற்றி அவர் மணிக்கட்டின் மேல் கிடத்த வேண்டும். இடக்கையை அடிவழியாகக் கொண்டுபோய் அந்த முனையைப் பிடிக்க வேண்டும். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, அவர் நடுவுடம்பை நோக்கிக் கீழே அழுத்த வேண்டும். கட்டைவிரல் பக்கத்து எலும்பில் தடி உட்கார்ந்தால் அவர் முழங்கால் மடியும். சதையில் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது. புதியவர்கள் பெரும்பாலும் தடியைத் தம் பக்கம் இழுப்பார்கள், பூட்டு அங்கேயே தளர்ந்துவிடும். வெடுக்கென்று அழுத்தினால் கூட்டாளியின் மணிக்கட்டு சுளுக்கும். மெல்ல ஏற்றி, போதும் என்பதற்கு அடையாளமாக அவர் தட்டியதும் விட்டுவிட வேண்டும்.

இதில் நம் இரண்டு பிடிக்கும் 9 செ.மீ. வீதம் 18, நடுவில் அவர் மணிக்கட்டுக்கு 6, ஆக 24 செ.மீ. போய்விடுகிறது. ஒரு அடி என்பது 30 செ.மீ.; மீதி 6 செ.மீ. இருந்தால்தான் கை நழுவினாலும் தடி கையில் நிற்கும். 25 செ.மீ. தடியில் இந்தப் பூட்டு தப்பிப்போவது அதனால்தான். 40-க்கு மேல் போனால் சுழற்றும்போது பின்முனை சொந்த விலாவிலேயே இடிக்கும்.

மரத்துக்கு வருவோம். தேக்கில் கடைந்தது 95 கிராம் அளவில் நிற்கிறது. சுழற்றச் சுகம், ஆனால் மோதினால் பள்ளம் விழும். கருவேலம் 120 கிராமை ஒட்டி வரும், அதையே கேளுங்கள். மம்பட்டிக் கணைக்குத் தாங்குகிற மரம் இதற்கும் தாங்கும். கருங்காலி 160 கிராம் தொடும். கழுத்தில் போடும் கருங்காலி மாலை மோகத்தில் அதன் விலை எங்கேயோ போய்விட்டது, பயிற்சிக்கு அவ்வளவு கனமும் தேவையில்லை. பனையில் கேட்காதீர்கள், நார் பிரிந்து உள்ளங்கையில் சிராய் ஏறும்.

எந்த மரமானாலும் நுனியிலிருந்து நுனிவரை ரேகை நேராக ஓட வேண்டும். நடுவில் சாய்ந்து வெளியேறினால் அந்த இடத்தில்தான் பிளக்கும். கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் கோணல் தெரியும். இரண்டு தடிகளைத் தட்டிப் பார்த்து, மந்தமாக ஒலித்தால் மரம் பச்சை என்று சந்தேகப்படுங்கள். பச்சை மரம் காயக் காய முட்டை வடிவாகும், நுனியில் வெடிக்கும். பிடிக்காக வரிப்பள்ளம் போடச் சொன்னால் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும். ஆழம் கூடினால் முறிவு அங்கேதான் தொடங்கும். முனைகளை அரைக்கோளமாக உருட்டச் சொல்லுங்கள். விளிம்பு கூராக இருந்தால் சில்லு பெயரும், கூட்டாளிக்கும் காயம்.

வளைந்த பிடியுள்ள கைத்தடியும் ஹாப்கிடோவில் உண்டு. கணுக்காலையும் கழுத்தையும் கொக்கியால் மாட்டி இழுப்பதற்கு. அதை இந்தப் பட்டறையில் வாங்க வேண்டாம். வளைவைத் தனியாகப் பலகையில் அறுத்து, முளை வைத்து ஒட்டித் தருகிறார்கள். வளைவுக்குக் குறுக்கே ரேகை ஓடுவதால் பலமாக நாலு இழுப்பு இழுத்தால் ஒடியும். சூட்டில் வளைத்த பிரம்புதான் இதற்குச் சரி, அதில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். ஆறடி நீள்கழிக்குச் சிலம்பக் கம்பு விற்பவரிடம் போங்கள்.

நுனி வெடித்த தடியைக் கொண்டுபோனால் பேச்சு இல்லாமல் மாற்றித் தருகிறார்கள். பஸ் செலவு நம்முடையது.