பனியில் சறுக்கி இடித்த கார்: பள்ளம் எடுப்பதா, புட்டி பூசுவதா, பாகத்தையே மாற்றுவதா?

ரொறன்ரோவில் உறைபனி மழை பெய்த மறுநாள் பாடி ஷொப்புகளின் வாசலில் கார்கள் நிறைந்துவிடும். அனேகமானவற்றுக்கு ஒரே வகை அடிதான். பிரேக்கை மிதித்தும் நிற்காமல் சறுக்கிப் போய் விளக்குக் கம்பத்திலோ, ஓரத் தடுப்பிலோ, முன்னால் நின்ற வாகனத்திலோ மோதியிருக்கும். பம்பரின் ஒரு மூலை கிழிந்து, சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட் நெளிந்து, கதவில் ஒரு பள்ளமும் விழுந்திருக்கும். மூன்று கடைகளில் கேட்டால் மூன்று வழி சொல்வார்கள், விலையும் மூன்று விதமாக இருக்கும். விலைக்குப் போகுமுன் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, பள்ளத்தின் விளிம்பில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் பெயின்ற் வெடித்திருக்கிறது. தொழிற்சாலையில் அடித்த எல்லாப் படைகளும் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கை ஒட்டிய தடிப்புத்தான். அது வெடித்த இடத்தில் வீதி உப்பு நேரே தகட்டைப் பிடிக்கும். ஒன்ராறியோவில் எந்த வழி சரி என்பதற்கு, பள்ளத்தின் அளவைவிட இந்த நகச் சோதனையே நல்ல வழிகாட்டி.

நகம் தடுக்கவில்லையென்றால் பெயின்ற் அடிக்காமல் பள்ளம் எடுக்கும் முறைக்கு நிகரில்லை. கதவின் உட்பலகையைக் கழற்றியோ கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகவோ நீண்ட எஃகுக் கம்பியை உள்ளே விட்டு, தகட்டின் பின்புறத்திலிருந்து சிறிது சிறிதாகத் தள்ளுவார்கள். தொழிலாளியின் பார்வை கம்பியில் இருக்காது. தகட்டில் விழும் விளக்கின் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். வளைந்த கோடு நேரானால் அந்த இடம் முடிந்தது. சுற்றிலும் மேடாக எழும்பிய தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டித் தாழ்த்துவார். நல்ல கை பட்டால் பள்ளம் இருந்த இடமே தெரியாது, தொழிற்சாலைப் பெயின்றும் அப்படியே தங்கும். குளிரில் தகட்டைச் சூடாக்காமல் தள்ளினால் மேற்பூச்சு வெடிக்கலாம். ஆகவே வீட்டு வாசலுக்கே வந்து செய்து தருகிறோம் என்பவர்களை ஜனவரியில் நான் தவிர்ப்பேன். கூர்மையான மடிப்பு விழுந்திருந்தாலும், அடி கதவின் விளிம்பில் இருந்தாலும் இந்த முறை பெரும்பாலும் சரிவராது.

அடுத்தது புட்டி, அதாவது பள்ளத்தில் பூசி, இறுகியபின் தேய்த்து மட்டமாக்கும் பசை. அதற்கு இருக்கும் கெட்ட பெயர் அநியாயமானது. கெட்ட பெயர் மோசமான வேலைக்குத்தான் சேர வேண்டும். தகட்டை முதலில் இழுத்து ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, எப்பொக்சி பிரைமர் என்ற துருத் தடுப்பு அடிப்பூச்சை அடித்து, அதன்மேல் ஓரிரு மில்லிமீற்றர் புட்டி பூசித் தேய்த்தால் அது வருடக்கணக்கில் நிற்கும். இழுக்காமல் பள்ளத்தைப் புட்டியால் நிரப்புகிறவர்கள்தான் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார்கள். புட்டி ஈரத்தை உறிஞ்சும். மேலே பூசிய பெயின்றில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் உப்புநீர் உள்ளே இறங்கி, அடியிலிருந்து துரு கிளம்பிக் கொப்புளமாக எழும்பும். சூடில்லாத வீட்டுக் கராஜில், கடையில் வாங்கிய புட்டிப் பெட்டியை வைத்துக்கொண்டு டிசம்பரில் இதைச் செய்யவே கூடாது. குளிரில் புட்டி ஒழுங்காக இறுகாது, வெளியிலிருந்து வந்த குளிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் படிந்திருக்கும்.

பாகத்தை மாற்றுவதில்தான் தேர்வுகள் அதிகம். முன் மட்காட், கதவு, பொனெற் எல்லாம் திருகாணியில் நிற்பவை, மாற்றுவது சுலபம். பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடோ வாகனத்தின் உடலோடு பற்றவைக்கப்பட்டது. அதை வெட்டி மாற்றும்போது தொழிற்சாலையில் தந்த துருப் பாதுகாப்பும் அந்த வெட்டோடு போய்விடும். ஆகவே அந்தத் தகட்டில் நடுத்தரமான அடி என்றால், மாற்றுவதைவிட இழுத்துப் புட்டி பூசுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து. கதவு மோசமாக நெளிந்திருந்தால், பழைய வாகன யார்டில் அதே நிறத்தில் கிடைக்கும் அசல் கதவை முதலில் தேடுவேன். தொழிற்சாலையில் தோய்த்தெடுத்த அடிப்பூச்சு அதில் இருக்கும், இடைவெளிகளும் சரியாகப் பொருந்தும். அதன் அடி மடிப்பை டோர்ச் அடித்துப் பார்த்து, துரு இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள். வேறு நிறுவனங்கள் செய்யும் மலிவான புதுப் பாகங்களில் காப்பா (CAPA) என்ற பாகத் தரச்சோதனை அமைப்பின் சான்று உள்ளதைக் கேட்டு வாங்கினால் பம்பர் உறைக்குப் போதும், மட்காட்டுக்கும் பரவாயில்லை. 2015 முதல் வரும் ஃபோர்ட் எஃப்-150 போல அலுமினிய உடல் உள்ள வண்டி என்றால், அதற்கெனத் தனிக் கருவி வைத்திருக்கும் கடைக்கே போகவேண்டும்.

பம்பர் வேறு கதை. பிளாஸ்டிக் என்பதால் துருப்பிடிக்காது. ஆனால் பார்வைக்கு நன்றாக இருந்தே ஏமாற்றும். பனிக்குவியலில் மோதிய பம்பர் சூடான கராஜில் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், பின்னால் நுரைத் தாங்கியும் ரேடியேற்றர் பிடிகளும் உடைந்து கிடக்கும். புதிய கார்களில் பம்பருக்குப் பின்னால் ரேடார் சென்சர் இருக்கலாம். அதன் முன்னால் புட்டியோ தடித்த பெயின்றோ வந்தால் சென்சர் பிழையாகப் பார்க்கும். அங்கே ஒட்டுவேலையை ஏற்காதீர்கள். உறையை மாற்றி, சென்சரையும் மறுபடி அளவு திருத்தித் தரச் சொல்லுங்கள்.

இப்போதே செய்வதா, வசந்தம் வரை பொறுப்பதா? பிளாஸ்டிக்கில் மட்டும் கீறல் என்றால் பொறுக்கலாம். பெயின்ற் வெடிக்காத பள்ளமும் பொறுக்கும். தகடு வெளியே தெரிந்தால் பொறுக்காது. உடனே பணம் இல்லாதவர்கள் அந்த இடத்தை நல்ல தண்ணீரில் கழுவி, சூடான இடத்தில் முழுதாக உலரவைத்து, பிரைமரும் ஒட்டுப் பெயின்றும் தொட்டு வைத்தால் ஏப்ரல் வரை காலம் தள்ளலாம். அழகாக இராது, ஆனால் உப்பு உள்ளே போகாது. கழுவாமல் மேலே டேப் ஒட்டினால் உப்பு உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

காப்புறுதியில் கேட்பதா, கைக்காசா என்பதும் இதோடு சேர்ந்ததுதான். தனியாகச் சறுக்கிக் கம்பத்தில் இடித்தால் ஒன்ராறியோவில் அது பொதுவாக ஓட்டுநரின் பிழை என்றே பதிவாகும்; பனியைக் காரணம் காட்ட முடியாது. மோதலில் உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான ‘கொலிஷன்’ காப்புறுதி இருந்தாலும் முதல் 500 அல்லது 1,000 டொலர் பெரும்பாலும் நம்முடையது, அந்தப் பதிவும் பல வருடங்கள் கட்டணத்தை உயர்த்தும். சேதம் கதவோடும் மட்காட்டோடும் நின்றால் நான் கைக்காசையே சொல்வேன். இன்னொரு வாகனத்தில் மோதிய பிழை உங்களுடையதானாலும் 2016 ஜூன் முதல் ஒரு சலுகை இருக்கிறது. யாருக்கும் காயமில்லாமல், ஒவ்வொரு காரின் சேதமும் 2,000 டொலருக்கு உட்பட்டு, காப்புறுதி நிறுவனம் ஒன்றும் கொடுக்காமல் நீங்களே கட்டியிருந்தால், அதை வைத்துக் கட்டணத்தைக் கூட்டக்கூடாது. மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் இது. ஆனால் கைக்காசு என்றாலும், ஏழு நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு விபத்தை அறிவிக்கும் கடமை இருக்கிறது. வீதித் தடுப்பையோ கம்பத்தையோ உடைத்திருந்தால் பொலிஸுக்கும் சொல்லவேண்டும்.

எந்தக் கடைக்குப் போவது என்பது உங்கள் உரிமை. காப்புறுதி நிறுவனம் சொல்லும் கடைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. அந்தக் கடைகளில் வேலைக்குப் பெரும்பாலும் நீண்ட உத்தரவாதம் கிடைக்கும், அது உண்மையான பலன்தான். தெரிந்தவர் நடத்தும் சிறிய கடை மலிவாக இருக்கலாம், ஆனால் அங்கேயும் எழுத்து மூல மதிப்பீடு கேளுங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி இறுதி பில் அந்த மதிப்பீட்டைவிடப் பத்து வீதத்துக்கு மேல் போகக்கூடாது. பாகத்துக்கும் வேலைக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு. நான் இன்னொன்றையும் கேட்பேன்: புட்டி பூசுமுன், பெயின்றைத் தேய்த்தெடுத்த வெறும் தகட்டை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். தகட்டை ஒழுங்காக இழுத்த கடைக்காரர் இதற்குத் தயங்கமாட்டார்.