மலையில் லிப்போ பேட்டரி: பையா, இரும்புப் பெட்டியா, பூந்தொட்டியா?

ரிமோட் கார் வைத்திருப்பவர்களிடம் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டால் கிடைக்கிற பதிலெல்லாம் சென்னைக்கும் கோவைக்கும் பொருந்துகிறவை. வெயிலில் வைக்காதே, சூடான அறையில் சார்ஜ் போடாதே, முடிந்தால் ஃபிரிட்ஜில் வை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கிறவர்களுக்குக் கவலையே வேறு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி, ஜூனிலிருந்து மாதக்கணக்கில் காயாத ஈரம், குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டுத் தூங்குகிற வீடு, பழைய வீடாக இருந்தால் மரத்தரை வேறு. ஈரத்துக்குப் பயந்தால் பேட்டரியை இறுக்கி மூட வேண்டும், தீக்குப் பயந்தால் புகை வெளியேற வழி விட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கிற ஏற்பாடு எது?

ஃபிரிட்ஜை முதலிலேயே தள்ளிவிடலாம். இங்கே நிழலான அறையே லிப்போவுக்குப் போதுமான குளிர்ச்சி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் பேட்டரி பேக்கின் மேல் நீர் பூப்பதுதான் மிச்சம்.

பெட்டிக்கு முன்னால் வோல்டேஜ். செல் ஒன்றுக்கு 4.20 வோல்ட் என்றால் முழு சார்ஜ். இரண்டு மூன்று நாளுக்கு மேல் சும்மா கிடக்கப் போகிறது என்றால் 3.80 முதல் 3.85 வரை இறக்கி வைக்க வேண்டும், அதாவது 3எஸ் பேக் (மூன்று செல்லைத் தொடராகக் கோத்தது) என்றால் மொத்தம் 11.4 முதல் 11.55 வரை. முழுசாக ஏற்றிய பேக் சீக்கிரம் உப்பும், தீப்பிடித்தாலும் ஆவேசமாக எரியும். எவ்வளவு நல்ல பெட்டி வாங்கினாலும் உள்ளே இருப்பது முழு பேக் என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

இதனால்தான் சார்ஜர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்கிறேன். காரோடு வருகிற, சிவப்பு பச்சை விளக்கு மட்டும் உள்ள சின்ன சார்ஜருக்கு ஏற்றத் தெரியும், இறக்கத் தெரியாது. ஐமேக்ஸ் பி6 மாதிரி திரை உள்ளது ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனித்தனியாகக் காட்டும், இந்தச் சேமிப்பு அளவுக்குக் கொண்டுவர ஸ்டோரேஜ் என்று தனி வசதியும் உண்டு. ஆனால் அது இறக்குவது வெறும் 5 வாட் வேகத்தில், ஆகவே முழுசாக இருக்கிற 5000 எம்ஏஎச் (மில்லியாம்பியர் மணி, கொள்ளளவு) 3எஸ் பேக்கைச் சேமிப்பு அளவுக்குக் கொண்டுவர ஆறேழு மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரம் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது? கார் இண்டிகேட்டரில் போடுகிற 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை டைல்ஸ் துண்டின் மேல் வைத்து, பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லிலிருந்தும் கம்பி வந்து சேர்கிற சின்ன வெள்ளை பிளக்) வோல்டேஜ் இறங்கினால் கத்துகிற அலாரத்தைச் சொருகி 3.8-க்கு வைத்துவிட்டால் அதே வேலை ஒன்றரை மணி நேரம் போலத்தான் ஆகும். நான் பல்பு கட்சி.

சரி, இப்போது எதில் வைப்பது?

லிப்போ பை என்று விற்பது கண்ணாடி நார்த் துணியில் தைத்தது. விலை குறைவு, எடையில்லை. தீப்பிடித்தால் சுவாலையை ஓரளவு அடக்கும், புகையை அடக்கவே அடக்காது, வெல்க்ரோ மூடி வழியே எல்லாம் வெளியே வரும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டு, நுரையீரலைப் புண்ணாக்கும். ஜன்னல் சாத்திய படுக்கையறையில் இந்தப் பையை மட்டும் நம்பி அலமாரிக்குள் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. எடுத்துக்கொண்டு போக நல்லது, அதுவும் ஒரு பைக்கு ஒரு பேக் என்று.

இரும்புப் பெட்டி பார்க்க உறுதி. ரப்பர் வளையத்தோடு காற்றுப் புகாமல் மூடுகிற தோட்டா பெட்டியை அப்படியே பயன்படுத்தினால் வாயு அடைந்து அது வெடிகுண்டு ஆகிவிடும், வளையத்தைப் பிடுங்கி மூடியில் துளை போட்டே தீர வேண்டும். சாதாரண ட்ரங்குப் பெட்டியின் தகடு மெல்லியது, அடியில் செங்கல் வைக்காவிட்டால் கீழே மரத்தரை கருகும். இரும்பு மின்சாரம் கடத்தும் என்பதால் பிளக்குகளுக்கு மூடி, உள்ளே சுற்றிலும் டைல்ஸ் எல்லாம் வேண்டும். விடியற்காலையில் தகட்டின் உள்பக்கம் கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று ஈரம் ஒட்டும்.

அப்புறம் பூந்தொட்டி. நீலகிரியில் மண்தொட்டிக்குப் பஞ்சமே இல்லை, கனமான தொட்டியாக ஒன்று, அதன் வாய்க்கு ஒரு மண்தட்டு போதும். மின்சாரம் கடத்தாது, சூடு தாங்கும், அடித்துளையாலும் தளர்வான மூடியாலும் வாயு அடைபடாது. மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரே நிபந்தனை, தொட்டி உலர்ந்திருக்க வேண்டும். மழையில் கிடந்ததை அப்படியே உள்ளே கொண்டுவந்தால் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும், திடீர்ச் சூட்டில் விரிசலும் விடும். இரண்டு ஹாலோ பிளாக் கல்லின் மேல் தொட்டி, தொட்டிக்குள் பேக், மூடியின் மேல் பாலிதீன் பையில் மணல். இங்கே மணல் எப்போதும் ஈரமாகத்தான் கிடைக்கும், வாணலியில் வறுத்து ஆறவைத்த பிறகு கட்டுங்கள். தீ எழும்பினால் பாலிதீன் உருகி மணல் தானே சரியும். மணல் பரவலைத்தான் தடுக்கும், சூட்டைத் தணிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தளர்வாக மூடினால் ஈரத்துக்கு என்ன செய்வது? ஈரத்தின் வேலை பேக்கின் உடம்பில் தெரியாது, பேலன்ஸ் பிளக்கில் தெரியும். ஆடி மாதம் முடிந்ததும் அந்த வெள்ளை பிளக்கை டார்ச் அடித்துப் பாருங்கள், பின்களின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். அதன் பிறகு சார்ஜர் ஒரு செல்லை 4.05 என்றும் பக்கத்து செல்லை 4.20 என்றும் தப்பாகக் காட்டத் தொடங்கும். பிளக்குக்கு மட்டும் சின்ன ஜிப் கவரும், அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டு நூலால் கட்டிவிட்டால் போதும். பேக் முழுவதையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் அடைக்க வேண்டியதில்லை.

சார்ஜ் போடும் இடத்துக்குச் சமையலறைக் கடப்பா கல்லைத்தான் பலரும் சொல்வார்கள். கல் நல்ல கல்தான், அதன் அடியில் கேஸ் சிலிண்டர் நிற்கிறதே. வராந்தாவில் பனி. பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு: இப்போது மூட்டாமல் விட்டிருக்கிற கணப்பு. மூன்று பக்கமும் செங்கல், மேலே புகைபோக்கி. குளிர் வராமல் இருக்கச் சாக்கை அடைத்து வைத்திருப்பார்கள், அதை எடுத்துவிட்டு, கரியையும் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

எப்போது சார்ஜ் போடுவது என்பதில்தான் மலைக்காரர்களுக்குள்ளேயே சண்டை. ராத்திரியே முழுசாக ஏற்றி வைத்தால் காலையில் கிளம்பலாம், ஆனால் விடிந்ததும் பனிமூட்டம் இறங்கினால் அந்த வாரம் முழுக்கப் பேக் 4.20-இல் கிடக்கும். காலையில் ஏற்றலாம் என்றால் குளிர். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் ஆனோடு என்கிற எதிர்மின் முனைக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும், பின்னால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக அது வழி. நான் சொல்வது காலைதான். பேக்கை முந்தைய இரவே ஆள் புழங்குகிற அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், மேலே நீர் பூத்திருந்தால் துடையுங்கள், ஹீட்டர், கரியடுப்பு பக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டாம். 5000 எம்ஏஎச் பேக்குக்கு 1சி (முழுக் கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் ஏற்றுகிற வேகம்) என்றால் 5 ஆம்பியர், சேமிப்பு அளவிலிருந்து நிறைய முக்கால் மணி நேரம் போதும். அறை 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதில் பாதி வேகத்தில் போடுங்கள், காப்பி குடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். கரண்ட் போனால் உடனே பேக்கைக் கழற்றுங்கள்.

கீழே வாங்கிய பழைய பேக்கை மேலே கொண்டுவருபவர்களுக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வருவதற்குள் எப்படி உப்புகிறதோ, உள்ளே ஏற்கெனவே வாயு சேர்ந்த பேக்கும் அப்படியே உப்பும், 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு அளவுக்குக் குறைவு. நல்ல பேக் உப்பாது. உப்பிய பேக்கை மலைதான் காரணம் என்று சமாதானம் சொல்லித் திரும்பச் சார்ஜ் போடாதீர்கள். இனிப்பான ரசாயன வாசனை வந்தால் உடனே வீட்டுக்கு வெளியே, காய்ந்த புல் இல்லாத கல் தரையில் வையுங்கள்.

அப்படிப்பட்ட பேக்கை உப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிற வழக்கம் வேண்டாம். பிளக்கும் கம்பியும் அரித்துப்போகும், சார்ஜ் உள்ளேயே தங்கிவிடும். வெளியே, தொட்டிக்குள் வைத்து, அதே 21 வாட் பல்பில் முழுசாக இறக்கி, ஒவ்வொரு கம்பி முனைக்கும் தனித்தனியாக டேப் சுற்றி, பேட்டரி மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்ப எடுக்கும் பொறுப்பு தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் உண்டு, விற்ற கடையிலேயே கேட்கலாம். குப்பை வண்டியில் மட்டும் போடாதீர்கள், அதில் கையை விட்டுப் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள்.