எட்டில் ஒரு பொட்டு

தேவகோட்டையில் இருக்கும் சித்தி மகள் போன் செய்தாள். "ஆச்சி, காரைக்குடியில் பழைய கேம் விற்கிற கடையில் போக்கிமான் ஸ்கார்லெட் விலை இறங்கியிருக்கிறதாம். பாப்பாவுக்கு வாங்கலாமா?" வாங்காதே என்றேன். "அப்புறம் நீங்கள் மட்டும் ஏன் இன்னும் விளையாடுகிறீர்கள்?" என்றாள். போனில் சொல்லி முடிகிற பதிலா அது?

விதவிதமான பிராணிகளைப் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் ஆட்டம் இது, 2022 நவம்பரில் வந்தது. திரை திணறுவதைப் பற்றி ஊரே எழுதித் தீர்த்துவிட்டது. எனக்கு அது பழகிவிட்டது. பழகாதது காம்பீ.

காம்பீ ஒரு தேனீ. மேலே இரண்டு, கீழே ஒன்று என ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று அறுகோணத் தேனறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு முகம். பெண்ணாக இருந்தால் கீழ் முகத்தின் நெற்றியில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு இருக்கும். பொட்டு இருந்தால்தான் 21-ஆவது லெவலில் வெஸ்பிக்வென் என்ற ராணியாக வளரும். ஆணுக்கு வளர்ச்சியே கிடையாது. எத்தனை லெவல் ஏற்றினாலும் காம்பீ காம்பீதான். எட்டில் ஏழு ஆண். அந்தத் துளியூண்டு உருவத்தின் நெற்றியைப் பார்க்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை முகத்தருகே கொண்டுபோக வேண்டும். அந்த நேரம் பார்த்து அது முதுகைக் காட்டித் திரும்பும்.

நிஜத் தேன்கூட்டில் ஓடியாடித் தேன் சேர்ப்பவை அத்தனையும் பெண் ஈக்கள். ஆண் ஈ ராணியோடு இணைவதற்கென்றே பிறந்தது. ஆட்டத்தில் இது தலைகீழ். கற்பனைதானே, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ராணியாகக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் விரட்டிவிடும் பழக்கம் விளையாடுகிறவர் கையில் தானாக ஏறிவிடுகிறது. சலாண்டிட் என்ற பல்லியும் இதே கதை: எட்டில் ஏழு ஆண், 33-ஆவது லெவலில் வளர்வது பெண் மட்டும்.

தொடக்கத்தில் நமக்குத் தருகிற துணைப் பிராணியும் எட்டுக்கு ஏழு ஆண்தான். முட்டையிலிருந்து வரும் குஞ்சு தாயின் இனம் என்பது இந்த ஆட்டத்தின் சட்டம். எனவே ஆண் துணையை வைத்திருப்பவர் அதன் இனத்தைப் பெருக்க, எந்த உருவமும் எடுக்கும் டிட்டோவைத் தேடி அலைய வேண்டும். இது பழைய நோய். 1996-இல் வந்த முதல் போக்கிமான் ஆட்டத்தில் ஆண், பெண் என்று பிரித்துக் காட்டப்பட்டது நிடோரான் என்ற பிராணி மட்டும். 1999-இல் வந்த கோல்டு, சில்வரில்தான் பெரும்பாலானவற்றுக்குப் பால் அடையாளம் கிடைத்தது. அதை எப்படி முடிவு செய்தார்கள் தெரியுமா? தாக்கும் வலிமைக்கென்று பிறவியிலேயே 0 முதல் 15 வரை ஒரு மறைவான எண். அது குறைவாக இருந்தால் பெண்! தொடக்கத் துணை பெண்ணாக இருக்க வேண்டுமென்றால் அந்த எண் 0 அல்லது 1. 2002-இல் ரூபி, சஃபையர் வந்தபோது அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள். ஏழுக்கு ஒன்று மட்டும் இன்றுவரை அசையவில்லை.

தோற்றத்தில் வேறுபாடு பரவலாக வந்தது 2006-இல், டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில். பெண் பிகாச்சுவுக்கு வால் நுனி இதய வடிவம். ஹெராக்ராஸ் என்ற வண்டில் பெண்ணுக்குக் கொம்பு நுனி இதய வடிவம். வாபஃபெட் என்ற நீலப் பிராணியில் பெண்ணுக்கு உதட்டுச் சாயம். குன்றக்குடிப் பக்கம் வயலில் மேயும் மயில்களைப் பாருங்கள். பெட்டையின் மங்கிய நிறம் அடைகாக்கும்போது அதை மண்ணோடு மண்ணாக மறைக்கிறது. அதன் தோற்றத்துக்குள் ஒரு பிழைப்பு இருக்கிறது. பிகாச்சுவின் வாலில் இருக்கும் இதயத்துக்கு என்ன பிழைப்பு?

நன்றாகச் செய்யத் தெரியாதவர்களாக இருந்தால் கோபமே வராது. கியாரடாஸ் என்ற கடல்நாகத்தின் மீசையைப் பாருங்கள்: ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு வெள்ளை. ஹிப்போடன் என்ற நீர்யானையில் ஆண் மணல் நிறம், பெண் கருஞ்சாம்பல். இதயமும் இல்லை, சாயமும் இல்லை.

டிங்கட்டன் என்ற பிராணியைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இந்த ஆட்டத்தில்தான் அறிமுகம். அந்த இனத்தில் ஆணே கிடையாது. ரோஜா நிறம், பின்னால் தொங்கும் முடி, சின்ன முகம். சரி, இன்னொரு பொம்மை என்று அலட்சியமாகக் கடந்து போகப் பார்த்தேன். கையில் இருந்தது 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள சம்மட்டி. அதைச் சுழற்றிக்கொண்டு வேண்டியதைக் கொள்ளையடித்து வீட்டுக்குக் கொண்டுபோகுமாம். வானத்தில் போகிற கார்விநைட் என்ற இரும்புப் பறவையைக் குறிவைத்துக் கல்லை அடித்து அனுப்புமாம். ஆட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு எங்கள் அப்பத்தா வீட்டு முற்றத்தில் அண்ணன்மாரைத் துரத்தித் துரத்தி அடித்த எனக்கு வேறென்ன வேண்டும்? சண்டையில் அதன் சம்மட்டி அடி ஒவ்வொன்றும் தரையில் விழும்போது இன்றும் சிரிப்பு வருகிறது.

விளையாடுகிறவரின் உருவத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை. முகம், முடி, கண் இமை எல்லாம் எல்லோருக்கும் பொது, சீருடையும் பொது.

இப்படி மனம் குளிர்ந்திருக்கும்போதுதான் கிர்லியா என்ற இன்னொரு பிராணி வரும். அது கவுன் போட்டதுபோல இருக்கும் கார்டெவாய்ராக வளரும். ஆணும் அப்படியே வளரலாம். யாரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை, அழகு. ஆண் கிர்லியாவுக்கு விடியல் கல்லைக் கொடுத்தால் கைகளே வாளாக இருக்கும் கலேட் ஆகிவிடும். ஆணுக்கு இரண்டு வழி, பெண்ணுக்குக் கவுன் மட்டும். நூறு கிலோ சம்மட்டியைத் தூக்கிக் கொடுத்தவர்களுக்கு இன்னொருத்தியிடம் வாளைக் கொடுக்க மனம் வரவில்லை.

இந்த ஆட்டத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நேற்றுக் கேட்டிருந்தால் நான்கு சொல்லியிருப்பேன். இன்றைக்கு மறுபடியும் பொட்டில்லாத காம்பீதான் அகப்பட்டது.