விக்ரமா, திருச்சிற்றம்பலமா: இரண்டாம் முறை பார்க்க எது தாங்கும்?

2022 ஜூன் 3-ஆம் தேதி 'விக்ரம்' வந்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி 'திருச்சிற்றம்பலம்' வந்தது. ஒன்று முழு ஆக்‌ஷன், மற்றது முழுக் காதல். இரண்டுக்கும் இசை அனிருத். இரண்டும் நன்றாக ஓடின. ஆக்‌ஷன், காதல் என்ற இரண்டு வகையையும் ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஜோடி சமீப வருடங்களில் இல்லை.

முதல் முறை தியேட்டரில் எது என்றால் 'விக்ரம்'தான். அதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. கமல், விஜய் சேதுபதி, ஃபஹத் ஃபாசில் என்று மூன்று பேர், கடைசியில் ரோலக்ஸாக சூர்யா, அன்பறிவின் சண்டை அமைப்பு, கூட்டத்தின் விசில். இதெல்லாம் பெரிய திரைக்கென்றே செய்தது. ஆனால் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏற்கெனவே பார்த்த படங்களில் ஒன்றை மறுபடி போடலாம் என்று உட்கார்ந்தால் எங்கள் தேர்வு 'திருச்சிற்றம்பலம்'. ஒவ்வொரு முறையும் அதுவே. காரணம் நடிகரோ பாட்டோ அல்ல, கதை கட்டப்பட்டிருக்கும் விதம்.

'விக்ரம்' படத்தின் முதல் பாதி முழுவதும் ஒரே கேள்வியின் மேல் நிற்கிறது: கொல்லப்பட்ட கர்ணன் யார்? ஃபஹத் நடிக்கும் அமர் ஒவ்வொருவரிடமாகப் போய் விசாரிக்கிறான். ஒருவர் குடிகாரன் என்கிறார், இன்னொருவர் பேரனை உயிராக வளர்த்தவர் என்கிறார். ஒரு பதில் இன்னொன்றோடு ஒட்டுவதில்லை. அந்த ஒட்டாமைதான் சுவாரசியம். இடைவேளையில் கொலையாளியின் முகமூடி கழன்று உண்மை தெரியும்போது தியேட்டரே அதிர்ந்தது. அந்த இடம் தமிழ் ஆக்‌ஷன் படங்களின் நல்ல இடைவேளைகளில் ஒன்று, அதில் சந்தேகமே இல்லை.

சரி, பதில் தெரிந்துவிட்டது. அடுத்த முறை அந்த விசாரணைக் காட்சிகள் என்ன ஆகும்? ஃபஹத் நன்றாக நடிக்கிறார், ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் அவர் தேடும் விடை நம் கையில் இருக்கிறது. கமல் திரையில் இல்லாத நேரம் நீளமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது, பத்து பத்து விநாடியாகத் தள்ளுகிறோம். கிட்டத்தட்ட 3 மணி நேரப் படத்தில் இப்படித் தள்ளும் பகுதி சின்னதல்ல.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ஏஜென்ட் டீனா. வீட்டு வேலைக்காரப் பெண்மணியாகப் பின்னால் நின்றவர் திடீரென்று ஒரு கும்பலையே எதிர்த்து நிற்கும் அந்தச் சண்டை இரண்டாம் முறையில் இன்னும் கூடுகிறது. யார் என்று தெரிந்த பிறகு, முந்தைய காட்சிகளில் அவர் தட்டு எடுப்பதையும் கதவோரம் நிற்பதையும் கவனிக்க ஆரம்பிக்கிறோம். முழுப் படமும் அப்படி எழுதப்பட்டிருந்தால் இந்த ஒப்பீட்டின் முடிவே வேறாக இருந்திருக்கும். 'போர்கண்ட சிங்கம்' பாட்டும் தாங்குகிறது, மகனை இழந்த அப்பனின் துக்கத்துக்கு ரகசியம் எதுவும் தேவையில்லை என்பதால்.

இப்போது 'திருச்சிற்றம்பலம்'. நாயகன் பழம் (தனுஷ்) கடைசியில் தோழி ஷோபனாவோடுதான் சேருவான் என்பது, ஷோபனாவாக வரும் நித்யா மேனன் திரைக்கு வந்த ஐந்தாவது நிமிடமே தெரியும். இயக்குநர் மித்ரன் ஜவஹர் அதை ஒளிக்கவும் முயலவில்லை. அதனால் மறுபடி பார்க்கும்போது இழப்பதற்கு ஒன்றும் இல்லை. மாறாக, பார்க்கும் இடம் மாறுகிறது. முதல் முறை நாம் பழத்தோடு சேர்ந்து அனுஷா பின்னாலும் ரஞ்சனி பின்னாலும் போகிறோம். இரண்டாம் முறை கண் ஷோபனாவை விட்டு நகர்வதில்லை. அவன் இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது இவள் யோசனை சொல்கிறாள், கிண்டல் செய்கிறாள், சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு முடியும் இடத்தில் அரை நொடி முகம் மாறும். முதல் முறை அது தோழியின் முகம். இரண்டாம் முறை அது வேறு. 70-ஆவது தேசிய விருதுகளில் சிறந்த நடிகை விருதைப் பகிர்ந்துகொண்டவர்களில் நித்யா மேனனும் ஒருவர். "அப்படி என்ன செய்துவிட்டார்?" என்று கேட்டவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் படத்தை ஒரே முறை பார்த்தவர்களாக இருப்பார்கள் என்பது என் எண்ணம். அழுது கத்தும் பெரிய காட்சி எதையும் நம்பாத நடிப்பு அது. கவனித்தால்தான் கண்ணில் படும்.

அப்பா, மகன், தாத்தா மூவர் இருக்கும் வீடும் அப்படித்தான். விபத்தில் அம்மாவும் தங்கையும் போன பிறகு இன்ஸ்பெக்டர் நீலகண்டனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் தாத்தாவாக பாரதிராஜா. ஒரே கூரையின் கீழ் பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் விளக்கத் தேவையில்லை, அநேகக் குடும்பங்களில் இப்படி ஒரு ஜோடி உண்டு. அப்பாவாக வரும் பிரகாஷ்ராஜ் பக்கவாதத்தில் விழுந்தபின் மகன் அவரைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளும் காட்சிகளில் வசனம் குறைவு. அது எத்தனை முறை பார்த்தாலும் குறைவதில்லை. சொல்லப்போனால் படத்தின் நல்ல காதல் கதை இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. அனுஷா பகுதி அவசரமாக எழுதப்பட்டது. பணக்காரப் பெண், ஆங்கிலம் பேசும் நண்பர்கள், உணவு டெலிவரி செய்யும் பையன் என்று ஒரு வர்க்க விஷயத்தைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. ரஞ்சனியின் கிராமப் பகுதி அதைவிட மெலிது. அந்தக் கல்யாண வீட்டுக் கலகலப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சொற்பம். ஷோபனா வெளிநாடு கிளம்பும் நேரத்தில்தான் முடிச்சு அவிழ வேண்டும் என்பதும் பார்த்துப் பழகியதே. ஆனால் படம் சுமார் 2¼ மணி நேரம்தான். பலவீனமான பகுதிகள் வந்த வேகத்தில் போய்விடுகின்றன. 'மேகம் கருக்காதா' எங்கே வந்தாலும் யாரும் தள்ளுவதில்லை.

அடுத்தது சத்தம். வீட்டில் ஆக்‌ஷன் படம் தோற்பதற்குப் பாதிக் காரணம் படம் அல்ல, டிவி. தியேட்டர் கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும். வெடிச்சத்தத்தின் அடிவயிற்று அதிர்வு தனிச் சேனலில் சப்வூஃபருக்குப் போகும். 5.1 என்பதில் அந்த '.1' அதுதான். சாதாரண டிவியில் இருப்பது இரண்டே சின்ன ஸ்பீக்கர், அதுவும் பல மாடல்களில் கீழ்நோக்கி. ஆறு சேனலை இரண்டாக மடிக்கும்போது நடுச்சேனல் இடம் வலம் இரண்டிலும் அளவு குறைந்து கலக்கிறது. அந்த '.1' சேனல் பெரும்பாலும் மொத்தமாகக் கழற்றி விடப்படுகிறது. ஆக, வசனம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறோம், அடுத்த நிமிடம் துப்பாக்கி வெடித்து பக்கத்து அறையில் குழந்தை எழுந்துவிடுகிறது. அதிர்வும் கிடைப்பதில்லை, இரைச்சல் மட்டும் கிடைக்கிறது. 'விக்ரம்' போல இரவிலேயே நடக்கும், முணுமுணுப்பும் பீரங்கியும் மாறி மாறி வரும் படத்துக்கு இது பெரிய அடி.

சரிசெய்ய வழி இருக்கிறது:

1. படம் பார்க்கும் செயலியில் ஆடியோ தேர்வில் 5.1, ஸ்டீரியோ இரண்டும் இருந்தால், தனி ஸ்பீக்கர் இல்லாதவர்கள் ஸ்டீரியோவை எடுங்கள். மடிக்கும் வேலையை டிவியிடம் விடாதீர்கள்.

2. ஒலி அமைப்பில் நைட் மோட் அல்லது கிளியர் வாய்ஸ் மாதிரி ஏதாவது ஒன்று இருக்கும். பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கும்.

3. சவுண்ட்பார் வாங்குவதாக இருந்தால் 2.1-ஐவிட 3.1 மேல். அந்த மூன்றாவது ஸ்பீக்கர் வசனத்துக்கென்றே இருப்பது. இணைக்கும்போது ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் இணைக்க வேண்டும். வேறு துளையில் சொருகினால் டிவியின் சத்தம் பாருக்கு வராது.

4. மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருக்கும். விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த சண்டைக்கு நடுவில் டிவி தானாக ஃப்ரேம்களைச் செருகினால் காட்சி சீரியல் மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும், அடி விழுந்த கனம் போய்விடும்.

5. மின்சேமிப்பு மோடையும் அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மங்கும் சென்சாரையும் நிறுத்துங்கள். டிவிக்கு எதிர்ச்சுவர் டியூப்லைட்டையும் அணையுங்கள். இரவுக் காட்சியில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாமல் போவதற்கு இவைதான் வழக்கமான காரணங்கள்.

இவ்வளவும் செய்தால் 'விக்ரம்' ஓரளவு மீள்கிறது. 'திருச்சிற்றம்பலத்துக்கு' இதில் எதுவுமே செய்யத் தேவையில்லை. அடுக்களையில் குக்கர் சத்தத்துக்கு நடுவில் ஓடினாலும் அது ஓடும். முகங்களும் பேச்சும்தான் அதன் சரக்கு, அவை சின்னத் திரையில் சுருங்குவதில்லை.

காதல் படம் என்றாலே தாங்கும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வருடம் நவம்பரில் வந்த 'லவ் டுடே' நல்ல எதிர் உதாரணம். பெண்ணின் அப்பா சத்யராஜ் போடும் நிபந்தனைப்படி காதலர்கள் ஒரு நாள் போனை மாற்றிக்கொள்கிறார்கள். போனில் அடுத்து என்ன வெளிவரும் என்பதுதான் படத்தின் விசை. சிரிப்பும் பதற்றமும் முதல் முறை பிரமாதம். வெளிவந்த பிறகு? அதுவும் 'விக்ரம்' முதல் பாதி போலத்தான், விடை தெரிந்த கேள்வி. மறுபுறம் 'கைதி'யைப் பாருங்கள். பாட்டில்லை, நாயகி இல்லை, ஒரே இரவு. மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றி மருத்துவமனை சேர்க்க வேண்டும், இதுவரை பார்த்தேயிராத மகளைப் பார்க்க வேண்டும். ஒளித்து வைத்த ரகசியம் மிகக் குறைவு. அதனால்தான் 'விக்ரம்' எடுத்த அதே லோகேஷ் கனகராஜின் படங்களில் வீட்டில் திரும்பப் பார்க்க 'கைதி'யை முன்னால் வைக்கிறேன்.

2024 தீபாவளிக்கு வந்த 'அமரன்' இந்த வாதத்துக்கு இன்னும் வலு. மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம் அடைந்தார் என்பது டிக்கெட் வாங்கும் முன்பே தெரியும். முடிவு தெரிந்த ஆக்‌ஷன் படம். ஆனாலும் கை ரிமோட்டுக்குப் போவதில்லை, ஏனென்றால் படம் நிற்பது துப்பாக்கிச் சண்டையின் மேல் அல்ல, இந்துவாக வரும் சாய் பல்லவியின் மேல். ஆக்‌ஷனையும் காதலையும் ஒரே மாலையில் எதிர்பார்க்கும் வீட்டுக்கு 2022 முதல் 2024 வரை வந்த படங்களில் இதையே முதலில் சொல்வேன். முதல் பாதியில் இரண்டு வீட்டாரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் பகுதி கொஞ்சம் நீளம், அது மட்டும் குறை.

பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கூட உட்கார்ந்தால் 'விக்ரம்' வேண்டாம். போதைப்பொருள், ரத்தம், அமரின் மனைவி கொல்லப்படும் இடம் எல்லாம் கடுமை. 'திருச்சிற்றம்பலத்தில்' குடிக்கும் காட்சிகள் உண்டு, விபத்து உண்டு, அதற்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை.

இந்தக் கணக்கு 43 அங்குலம், 55 அங்குல டிவி வைத்த சாதாரண வீட்டுக்குச் சொன்னது. ப்ரொஜெக்டரும் தனி சப்வூஃபரும் வைத்திருப்பவர்களுக்குச் சத்தம் பற்றிய பாதி அப்படியே பொருந்தாது, அங்கே 'விக்ரம்' கிளைமாக்ஸ் தன் பழைய பலத்தோடு வரக்கூடும். முதல் பாதி விசாரணைக்கு மட்டும் எந்த ஸ்பீக்கரும் உதவாது. புதிதாக ஒரு ஆக்‌ஷன் படம் வரும்போது முதல் வாரமே தியேட்டருக்குப் போய்விடுங்கள். 'விக்ரம்' ஐந்தே வாரத்தில் ஓடிடிக்கு வந்தது, அதற்குள் ரோலக்ஸ் யார் என்று தெரியாத ஆள் ஊரில் இல்லை. காதல் படத்துக்கு அந்த அவசரம் கிடையாது, பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் பெரிய திரைக்குப் போகலாம்.