பீன்யாவில் ஓர் ஓடிசி பர்மிட் ஏஜென்சி: வேலை சுத்தம், பில்தான் புரியவில்லை

பெங்களூரு பீன்யாவில் இருக்கும் எங்கள் ஃபேப்ரிகேஷன் பட்டறையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு சேமிப்புத் தொட்டியை அனுப்ப வேண்டியிருந்தது. விட்டம் 3.4 மீட்டர், எடை 22 டன். சாலையில் ஓடும் வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 93-ஆம் விதி சொல்வதால், லோபெட் (தாழ்வான தளம் கொண்ட) ட்ரெய்லரில் ஏற்றிக் கட்டிய உடனேயே இந்தத் தொட்டி ஓடிசி, அதாவது அளவு மீறிய சரக்கு, என்ற கணக்கில் வந்துவிடும். கர்நாடகம், தமிழ்நாடு இரண்டுக்கும் சேர்த்து அனுமதி வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்ட ஏஜென்சி எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பில் விஷயத்தில் குறை சொல்லப் போகிறேன் என்பதால் அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆர்சி, எஃப்சி, இன்ஷூரன்ஸ், நேஷனல் பர்மிட், தொட்டியின் டிராயிங் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நினைத்திருந்தேன். நான் இதற்கு முன்பு வேலை கொடுத்த ஏஜென்ட்டுகள் அதற்கு மேல் கேட்டதில்லை. இவர்களோ மறுநாள் காலையிலேயே ஓர் இளைஞரை அளவு நாடாவுடன் பட்டறைக்கு அனுப்பினார்கள். அவர் டிராயிங்கைப் பார்க்கக்கூட இல்லை. நாடாவின் ஒரு முனையை எங்கள் ஹெல்ப்பரிடம் கொடுத்து, "அண்ணே, லக்குக்கு வெளிப்பக்கம் பிடிங்க" என்றார். தூக்குவதற்காகப் பக்கவாட்டில் பற்றவைத்திருந்த லக்கையும், எதிர்ப்புறம் நீட்டிக்கொண்டிருந்த நாசிலையும் (குழாய் இணைக்கும் வாய்) சேர்த்து அளந்தபோது அகலம் 3.62 மீட்டர் வந்தது. டிராயிங்கில் பெரிய எழுத்தில் இருந்ததோ 3.4 மட்டும்தான். அளவு தெரியும்படி நாடாவோடு நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு, விண்ணப்பத்தில் 3.65 என்று போட்டார்.

இந்த 25 சென்டிமீட்டரின் மதிப்பு வழியில் நிறுத்தப்பட்டவருக்குத்தான் தெரியும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவுப்படி, சரக்கு அனுமதித்த அளவைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அபராதம் 20,000 ரூபாய். அதை இறக்கும் செலவும் நம் தலையில்தான் விழும். 22 டன் தொட்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்குவதற்குக் கிரேன் வாடகை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த 20,000 சிறிய தொகையாகத் தெரியும். கையில் பர்மிட் இருந்தும் அதில் எழுதிய அளவு தவறாக இருந்தால், பர்மிட் இல்லாததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இன்னொரு தவறையும் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் கணக்குப்பிள்ளை இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணம்) போடும்போது வாகன வகையில் வழக்கம்போல் சாதாரணம் என்பதையே தேர்ந்தெடுத்திருந்தார். அந்தப் பில் செல்லும் காலம், சாதாரணச் சரக்கானால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு, ஓடிசி என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். எங்கள் தூரம் 310 கிலோமீட்டர். சாதாரணமாகப் போட்டால் இரண்டே நாளில் காலாவதியாகும் பில், சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால் 16 நாள் செல்லும். வண்டி கிளம்புவதற்கு முந்தைய மாலை ஏஜென்சியிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்து, "சார், ரெண்டு நாள்ல இது ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேராது, கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடுங்க" என்றார். இ-வே பில் அவர்கள் வேலையே இல்லை, அதற்காகக் காசும் வாங்கவில்லை.

பர்மிட் கைக்கு வரும் வரை லோடு ஏற்ற வேண்டாம் என்று சொன்னதும் சரியான யோசனைதான். ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், வண்டி நிற்பதற்கான ஹால்டிங் சார்ஜ் தினமும் ஏறும். அனுமதி குறிப்பிட்ட வண்டி எண்ணுக்குத் தரப்படுவதால், இடையில் டிரான்ஸ்போர்ட்காரர் வண்டியை மாற்றிவிடாதபடி அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும் சொன்னார்கள். பர்மிட் ஒன்பதாவது நாள் வந்தது. ஏழு நாள் என்று சொல்லியிருந்தார்கள், இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். வண்டி தும்கூர் சாலையிலிருந்து நைஸ் சாலை வழியாக ஓசூர் சாலையைப் பிடித்து, அத்திப்பள்ளியைத் தாண்டி, எங்கும் சிக்காமல் போய்ச் சேர்ந்தது.

குறை பில்லில்தான். "ஓடிசி பர்மிட் செலவு" என்று ஒரே வரியில் 46,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 8,280 ரூபாய். எங்களிடம் தொட்டி வாங்கிய பார்ட்டி, பர்மிட் செலவை அசல் ரசீதுக்கு மட்டுமே திருப்பித் தருவதாக ஆர்டரில் எழுதியிருந்தார். நான் ரசீது கேட்டேன். மூன்று முறை கேட்ட பிறகு 17,200 ரூபாய்க்கு அரசுக் கட்டண ரசீதுகள் வந்தன. மீதி 28,800 எதற்கு என்று கேட்டபோது, சர்வீஸ் சார்ஜும் வழிச் செலவும் சேர்ந்தது என்றார் முதலாளி. அந்த 'வழிச் செலவு' என்ற சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்று லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் சார்பில் கட்டிய அரசுக் கட்டணத்தைப் பில்லில் தனியாகக் காட்டி, கட்டிய தொகையை மட்டும் அப்படியே வசூலித்தால், ஜிஎஸ்டி விதி 33-இன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதன் மேல் வரி போட வேண்டியதில்லை. இதைச் சொன்னபோது, "வரியை நீங்க இன்புட் கிரெடிட் எடுத்துக்கப் போறீங்க, உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார் முதலாளி. கொடுத்த வரியை நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், வரியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் ரசீது இல்லாத 28,800 ரூபாயை எந்தப் பார்ட்டியும் தரப் போவதில்லை, அடுத்த கொட்டேஷனில் பர்மிட்டுக்கு எவ்வளவு போடுவது என்பதும் எனக்குத் தெரியாமல் போகிறது. சர்வீஸ் சார்ஜ் 20,000 என்று நேராகக் கேட்டிருந்தால், அளவு நாடாவோடு வந்த அந்த ஒரு காலைக்காகவே மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன்.

புனேவுக்குப் போக வேண்டிய அடுத்த தொட்டியையும் இவர்களிடமே கொடுத்திருக்கிறேன். இந்த முறை அரசுக் கட்டணம் தனி, சர்வீஸ் சார்ஜ் தனி, ரசீது இல்லாத எதற்கும் பணம் இல்லை என்று ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முதலாளி சற்று முகம் சுளித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். கர்நாடகப் பகுதிக்கான ரசீது நேற்று வந்துவிட்டது, மகாராஷ்டிரத்துக்கானதை இன்னும் அனுப்பவில்லை.